இரண்டு ஆற்றுக்கு நடுவே கும்பகோணம்

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டுக்கும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது கும்பகோணம். தஞ்சாவூரிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். 1866-ல் நகராட்சியான ஊர், 2021-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் 1,40,156 பேர். மாநகராட்சி என்ற சொல் இந்த ஊருக்குக் கொஞ்சம் பெரிய சட்டைதான். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு சைக்கிளிலேயே போய்விடலாம்.

ஆனால் காலை நேரத்தில் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் கணக்கு மாறும். பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர், திருப்பனந்தாள், குடவாசல், நாச்சியார்கோவில் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பேருந்துகள் வந்து ஆட்களை இறக்கிக்கொண்டே இருக்கும். பம்புசெட் உதிரிபாகம் வாங்க வருகிறவர், உரக்கடைக்கு வருகிறவர், பெண்ணுக்குப் பாத்திரம் எடுக்க வருகிறவர், கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் அதில் இருப்பார்கள். ஊருக்குள் இருப்பவர்களைவிட ஊரை நம்பி இருப்பவர்கள் அதிகம். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஒரு கோட்டத்துக்குத் தலைமையிடமாக இந்த ஊர் இருப்பதும், 1904-ல் 'கும்பகோணம் வங்கி' என்று தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி இன்றும் இங்கேயே தலைமையகம் வைத்திருப்பதும் இந்தச் சந்தை பலத்தால்தான்.

கும்பேசுவரர், சாரங்கபாணி, சக்கரபாணி, நாகேசுவரர், ராமசாமி என்று கோயில்களைப் பற்றி எழுதிய புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஆட்களும் இருக்கிறார்கள். விவசாயியின் கண்ணால் பார்த்தால் இந்த ஊர் வேறு மாதிரி தெரியும். காவிரி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. ஊர் சாப்பிடுவது, விற்பது, வார்ப்பது, கொண்டாடுவது எல்லாம் மேற்கேயிருந்து வருகிற தண்ணீரும் வண்டலும் கொடுத்தவை. ஊரைத் தாண்டிக் கிழக்கே போகும்போது அந்தத் தண்ணீர் என்ன நிலையில் போகிறது என்பதுதான் இன்றைய பிரச்சினை. அதற்குப் பிறகு வரலாம்.

மேட்டூர் அணை 1934-ல் வந்ததிலிருந்து டெல்டாவுக்கு ஒரு நாள்காட்டி உண்டு. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடுவது. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் குறுவையும் சம்பாவும் தாளடியும். தேதி தவறாமல் நடந்த ஆண்டுகளை விடத் தவறிய ஆண்டுகளைத்தான் விவசாயிகள் நன்றாக நினைவு வைத்திருக்கிறார்கள். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. 2020-ல் திறந்தது. 2022-ல் மே 24-லேயே திறந்து ஆச்சரியப்படுத்தியது. 2024-ல் ஜூலை 28 வரை காக்க வைத்தது. இப்படி ஆட்டம் காட்டினாலும் கும்பகோணம் பகுதியில் குறுவை முழுதும் நின்றுபோவதில்லை. காரணம் நிலத்தடி நீர். பழைய டெல்டாவின் இந்தப் பகுதியில் ஆற்று மணல் படிந்த மண்ணில் குழாய் இறக்கினால் தண்ணீர் கிடைக்கும். பம்புசெட் வைத்திருப்பவர் அணையை எதிர்பார்க்காமல் நாற்று விட்டுவிடுவார். பம்புசெட் இல்லாத பக்கத்து வயல்காரர் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே கிராமத்தில் இரண்டு விவசாயம் நடக்கிறது. அந்த நிலத்தடி நீரும் ஆற்றில் ஓடும் தண்ணீர் ஊறுவதால் வருவதுதான் என்பதைப் பம்புசெட்காரர்கள் சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்பது ஊருக்குள் இருப்பவர்களுக்கு ஆடிப்பெருக்கில் தெரியும். ஆடி 18 அன்று பகவத் படித்துறையிலும் சக்கரப் படித்துறையிலும் நிற்க இடம் இருக்காது. வாழை இலையில் மஞ்சளில் பிடித்த பிள்ளையார், காதோலை கருகமணி, பழங்கள், வெல்லம் கலந்த அரிசி, மஞ்சள் கயிறு. புதுமணத் தம்பதிகள் கல்யாண மாலையை ஆற்றில் விட வருவார்கள். சின்னப் பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு வருவார்கள். கலந்த சாதம் கட்டிக்கொண்டு வந்து கரையிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இந்தச் சடங்கில் சாதி வேறுபாடு அதிகம் தெரிவதில்லை. ஆறு எல்லாருக்கும் படி வைத்திருக்கிறது. தண்ணீர் வராத ஆண்டுகளிலும் மக்கள் வந்தார்கள். மணலில் குழி தோண்டியும், படித்துறை ஓரத்துக் குழாயில் பிடித்தும் பெயருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார்கள். குழாயடியில் கொண்டாடிய ஆடிப்பெருக்கைப் பார்த்தவர்களுக்கு அணையின் நீர்மட்டத்தைப் பத்திரிகையில் தேடிப் படிக்கிற பழக்கம் வந்துவிடும்.

ஊருக்கு மேற்கே சுவாமிமலை, பாபநாசம், ராஜகிரி, பண்டாரவாடை, ஐயம்பேட்டை வரை கொடிக்கால்கள். கும்பகோணம் வெற்றிலை என்று உலகம் சொல்வது இந்தக் கிராமங்களில் விளைகிற இலையைத்தான். 2025-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையை வாயில் போட்டவர்களுக்கு அதன் இளசும், கடுக்காத காரமும் தெரியும். அந்த ருசிக்குக் காரணம் காவிரி வண்டலும் தண்ணீரும் என்று கொடிக்கால்காரர்கள் சொல்வார்கள். அது பெருமைப் பேச்சு மட்டுமல்ல. தண்ணீரைப் பிடித்து வைக்கவும் வேண்டும், வடியவும் விட வேண்டும் என்ற இரண்டு குணமும் உள்ள மண் எல்லா ஊரிலும் கிடைக்காது.

கொடிக்கால் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேட்டுப்பாத்தி எடுத்து முதலில் அகத்தி விதைப்பார்கள். அகத்தி வளர்ந்து நின்றதும் அதன் அடியில் வெற்றிலைக் கொடியின் துண்டுகளை நடுவார்கள். அகத்திதான் பந்தல், அகத்திதான் நிழல், அதன் தழைதான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனம். கொடி ஏற ஏற வாழை நாரால் அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஆள் உயரத்தைத் தாண்டியதும் கொடியை இறக்கிச் சுருட்டி மண்ணில் பதித்து, நுனியை மட்டும் மறுபடி ஏற்றிவிடுவார்கள். பாத்திகளுக்கு நடுவே ஓடும் கால்வாய்தான் பாசனத்துக்கும் வடிகாலுக்கும். உள்ளே நுழைந்தால் வெளியில் அடிக்கும் வெயிலுக்கும் அங்கே இருக்கும் குளிர்ச்சிக்கும் சம்பந்தம் இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக விடுவார்கள். இதைப் பக்தி என்று நினைப்பவர்கள் உண்டு. வேறு தோட்டத்து நோய் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வராமல் இருக்கவும் அது உதவுகிறது.

நூறு இலை ஒரு கவுளி. விலை பேசுவதெல்லாம் கவுளியில்தான். முகூர்த்த மாதத்தில் ஒரு விலை, மார்கழியில் வேறு விலை. பறிப்பதற்கும், ரகம் பிரித்து அடுக்குவதற்கும், கொடி கட்டுவதற்கும் கைப்பழக்கம் உள்ள ஆள் வேண்டும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு வேண்டிய ஆள் கணக்கு ஒரு ஏக்கர் கொடிக்காலுக்குக் காணாது. வெற்றிலை போடும் பழக்கம் குறைந்தது ஒரு பக்கம், கட்டும் ஆள் குறைந்தது மறுபக்கம் என்று இரண்டுக்கும் நடுவில் கொடிக்கால்கள் சுருங்கி வருகின்றன. ராஜகிரியும் பண்டாரவாடையும் முஸ்லிம்கள் நிறைந்த ஊர்கள். அங்கே பறிக்கும் இலை கும்பகோணத்துக் கோயில்களில் தாம்பூலத்தட்டில் இருக்கும். இதை யாரும் விசேஷமாகப் பேசுவதில்லை. வியாபாரம் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது.

கொடிக்காலின் பெரிய எதிரி வாடல் நோய். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிக் கொடி மொத்தமாகச் சாயும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது, அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதம் ஒருமுறை 0.25 சதவீத போர்டோ கலவையைக் கொடியின் அடியில் ஊற்ற வேண்டும் என்பது. தழைச்சத்தில் ஒரு பாதியை வேப்பம் புண்ணாக்காகக் கொடுப்பதும் உதவும். இலையில் எந்த மருந்து தெளித்தாலும் விற்கிற இலையைப் பறித்து முடித்த பிறகே தெளிக்க வேண்டும். மற்ற காய்கறியைக் கழுவிச் சமைத்துச் சாப்பிடுகிறோம். வெற்றிலையைத் துடைத்து வாயில் போடுகிறோம். ஆனால் மருந்தெல்லாம் பிறகு. கால்வாய்த் தண்ணீர் வடிவதற்கு வெளியே வாய்க்கால் திறந்திருக்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் எந்தக் கலவையும் கொடியைக் காப்பாற்றாது.

கொடிக்காலுக்கு வேண்டிய அதே வண்டல்தான் சுவாமிமலைப் பட்டறைகளுக்கும் வேண்டும். கும்பகோணத்துக்கு மேற்கே சில கிலோமீட்டரில் சுவாமிமலை. அறுபது தமிழ் ஆண்டுகளுக்கு அறுபது படி என்று சொல்லப்படும் முருகன் கோயிலைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் அந்தத் தெருக்களில் கொஞ்சம் நடக்க வேண்டும். ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகில் சிலை செய்கிறார்கள். அதன் மேல் காவிரியின் மெல்லிய வண்டலைப் பூசுகிறார்கள். மெழுகில் கீறிய நகக்கண், நெளிவு, ஆபரணத்தின் மணி எல்லாவற்றிலும் அந்த மண் போய் ஒட்டிக்கொள்ளும். மேலே முரட்டு மண் பூசி, கம்பி கட்டிக் காயவைத்து, வறட்டி மூட்டம் போட்டுச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே விழுந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துச் சிலையை எடுக்க வேண்டியதுதான். அச்சு உடைந்துபோவதால் ஒரு சிலை போல இன்னொன்று வராது. அளவு எடுக்க அவர்கள் வைத்திருப்பது தென்னை ஓலை. சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்துப் பாகம் பிரிக்கிறார்கள். டேப் வைத்திருக்கிற பட்டறையிலும் ஓலை இருக்கும்.

கிழக்குத் தெற்காக, திருவாரூர் சாலையில் நாச்சியார்கோவில். அங்கே குத்துவிளக்கு. அதற்கும் ஆற்று மண்தான் அச்சு. பித்தளையை உருக்கி வார்த்துக் கடைந்து, அடிப்பாகம், தண்டு, தட்டு, அன்னம் என்று தனித்தனியாகச் செய்து திருகிச் சேர்க்கிறார்கள். சுவாமிமலைச் சிலைக்கும் நாச்சியார்கோவில் விளக்குக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆக, இந்த வட்டாரத்தில் குறியீடு வாங்கிய இலை, சிலை, விளக்கு மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே வண்டல். ஆற்றில் வெள்ளம் வந்து புது வண்டல் படிந்தால்தான் இது நீடிக்கும். மணல் அள்ளி அள்ளி ஆற்றுப் படுகை தாழ்ந்த இடங்களில் வாய்க்கால் தலைப்பு மேலே நின்றுவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் போகும், வாய்க்காலில் ஏறாது. இதை டெல்டா விவசாயி யாரிடம் கேட்டாலும் சொல்வார்.

சாப்பாட்டுக்கு வந்தால், கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை மாட்டாத நெடுஞ்சாலை இப்போது தமிழ்நாட்டில் இல்லை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டர் வைத்துப் பார்த்து, கலக்காத பாலை டிகிரி பால் என்றார்கள், அதில் போட்ட காபி டிகிரி காபி ஆயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பித்தளை டவராவில் கொடுத்துவிட்டால் மட்டும் அது வராது. கறந்த பால் வேண்டும். ஊரைச் சுற்றி மாடு வளர்த்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இட்லிக்கும் தோசைக்கும் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டுச் செய்கிற கடப்பாவை மற்ற ஊரில் தேடினாலும் கிடைப்பது அபூர்வம். இங்கே வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

நெசவு சௌராஷ்டிரர்களின் தொழில். பட்டுத்தறி ஓசை கேட்கும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. கிழக்கே திருபுவனத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பட்டு ஊரெல்லாம் பெயர் பெற்றது. அந்தச் சமூகத்தில் பிறந்த எம். வி. வெங்கட்ராம், 'வேள்வித் தீ' நாவலில் நெசவாளர் வாழ்க்கையை எழுதினார். கு. ப. ராஜகோபாலன் பிறந்த ஊரும், தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நடக்கிற ஊரும் இதுதான். ஒரு சின்ன ஊருக்கு எழுத்தாளர்கள் கொஞ்சம் அதிகம்தான்.

அதற்குக் காவிரிக் கரையில் 1854-ல் தொடங்கிய அரசுக் கல்லூரி ஒரு காரணம். தென்னகத்தின் கேம்பிரிட்ஜ் என்று பெயர். 1880-ல் உ. வே. சாமிநாதையர் இங்கே தமிழாசிரியராகச் சேர்ந்தார். அப்போது ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட கேள்விதான் அவரை ஏட்டுச்சுவடி தேடி அலைய வைத்தது. சிந்தாமணி 1887-ல் அச்சாகி வெளிவந்தது. அதே ஆண்டு ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், கும்பகோணத்தில் வளர்ந்து, டவுன் ஹைஸ்கூலில் படித்து, 1904-ல் இந்தக் கல்லூரிக்கு உதவித்தொகையோடு வந்தார். கணிதம் தவிர வேறு பாடத்தில் கவனம் போகாததால் உதவித்தொகை போயிற்று. சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. மிகச் சிறிய வீடு. கோயிலுக்குப் போகிறவர்கள் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பிள்ளைகளோடு போகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் என்றதும் இந்த ஊரில் யாரும் மறக்காத ஒரு நாள் உண்டு. 2004 ஜூலை 16. பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அன்று பெற்றோர்கள் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். கோயில், தேவாலயம், மசூதி என்று மூன்று பக்கத்து மக்களும் அந்தத் துக்கத்தில் ஒன்றாக நின்றார்கள். 1899-ல் மறைமாவட்டம் ஆன ஊர் இது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இங்கே பழைய குடிகள். கீற்றுக் கொட்டகையில் பள்ளி நடத்துவது தமிழ்நாடு முழுவதும் நின்றது அந்தத் தீக்குப் பிறகுதான்.

இனி மகாமகம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாசி மாதத்தில், குரு சிம்ம ராசியில் இருக்கும்போது வருவது. குளம் ஆறு ஏக்கருக்குச் சற்று அதிகம். கரையில் 16 மண்டபங்கள். தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் எழுப்பியவை என்பார்கள். 1992-ல் நெரிசலில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு 2004-லும் 2016-லும் ஏற்பாடுகள் கவனமாக நடந்தன. அடுத்தது 2028.

விவசாயி இங்கே ஒன்றைக் கவனிப்பார். அணை மூடுவது ஜனவரி 28. மாசி மகம் வருவது பிப்ரவரியிலோ மார்ச்சிலோ. ஊரின் ஆகப் பெரிய நீராட்டு விழா, ஆற்றில் தண்ணீர் நிற்கிற காலத்தில் வருகிறது. பிறகு குளத்துக்கு நீர் எங்கிருந்து? குளத்துக்குள்ளேயே 20 கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்த்தத்தின் பெயர். கங்கை, யமுனை, காவிரி எல்லாம் இங்கே வந்து ஊறுவதாக ஐதீகம். ஐதீகம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆனி முதல் தை வரை வாய்க்கால் வழியாகக் குளங்கள் நிறைந்தால், நிலத்தடியில் இறங்கிய தண்ணீர் மாசியில் கிணற்றில் ஊறும். குளமும் கிணறும் வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. மகாமகக் குளம், சாரங்கபாணி கோயிலின் பொற்றாமரை, ரெட்டிராயர் குளம் என்று ஊர் முழுக்கக் குளங்கள் இருப்பது அழகுக்காக அல்ல. ஒவ்வொரு தெருவின் கிணறும் கோடையில் வற்றாமல் இருக்கத்தான்.

இந்தக் குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்கள்தான் ஊரின் பலவீனமான இடம். ஊருக்கு மேற்கே தலைப்பு எடுத்து, தெருக்களுக்கு நடுவே நுழைந்து, குளத்தை நிரப்பி, மிச்சம் கிழக்கே வயலுக்குப் போவதுதான் பழைய ஏற்பாடு. ஊருக்குள் வாய்க்கால் சுருங்கிச் சாக்கடை ஆகிவிட்டது. சில இடங்களில் மேலே தளம் போட்டுக் கடை வந்துவிட்டது. குளம் நிரப்ப வேறு வழி இல்லாமல் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைக்கிறார்கள். நிலத்தடி நீரைப் பெருக்குவதற்காக வெட்டிய குளத்தை நிலத்தடி நீரைக் கொண்டே நிரப்புவது என்ன கணக்கு என்று தெரியவில்லை.

ஒரு காலத்தில் கும்பகோணம் என்றாலே யானைக்கால் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். அந்த நோயைப் பரப்பும் கொசு அழுக்குத் தண்ணீர் தேங்குகிற இடத்தில் முட்டையிடுவது. ஓடுகிற வாய்க்காலில் அதற்கு வேலை இல்லை. ஆண்டுக்கொருமுறை வீடு வீடாக மாத்திரை கொடுத்து நோயைக் குறைத்தார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கேலியின் அர்த்தமே தெரியாது, நல்லதுதான். தேங்கிய சாக்கடை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஊருக்கு மேற்கே இருப்பவர்கள் ஊருக்கு வெற்றிலையும் வாழையும் கொடுக்கிறார்கள். கிழக்கே இருப்பவர்களுக்கு ஊர் கொடுப்பது என்ன? ஜூனில் தண்ணீர் திறந்ததும் வாய்க்காலில் முதலில் வருவது பிளாஸ்டிக் பை, காபிக் கோப்பை, தெர்மாகோல். அவை மதகில் போய் அடைக்கும். பின்னாலேயே ஆகாயத்தாமரை வந்து நிற்கும். நாற்று நடத் தயாராக இருக்கிற விவசாயி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகாமல் மதகுக்குப் போவார். கடைமடைக்குத் தண்ணீர் எட்ட ஒரு வாரம் தாமதமானால் குறுவை அறுவடை ஒரு வாரம் தள்ளி மழையில் மாட்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் கேட்பார்கள். களத்தில் கொட்டிய நெல் முளைவிடும். ஊரில் ஒருவர் வீசிய பைக்கும், கிழக்கே ஒரு மூட்டை நெல்லின் விலைக்கும் இவ்வளவு நேரான தொடர்பு இருப்பது நகரவாசிகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. யாரும் போய்ச் சொன்னதும் இல்லை.

முன்பு குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. வாய்க்காலில் பாசனம் பெறுகிற எல்லாரும் வீட்டுக்கு ஓர் ஆள் என்று வந்து சித்திரை, வைகாசியில் தூர்வாருவார்கள். நீர்க்கட்டி முறை வைத்துத் தண்ணீர் விடுவார். கிராமத்தில் அது அரைகுறையாகவாவது நினைவில் இருக்கிறது, அரசும் 2017-ல் அந்தப் பெயரில் திட்டம் கொண்டுவந்தது. ஊருக்குள் ஓடும் பகுதிக்குத்தான் ஆள் இல்லை. அது பாசன வாய்க்காலா, கழிவுநீர்க் கால்வாயா என்பதிலேயே குழப்பம். பாசனம் என்றால் ஒரு துறை, கழிவுநீர் என்றால் மாநகராட்சி. 2028 மகாமகத்துக்கு முன் குளம் எப்படியும் சுத்தமாகும், மண்டபங்களுக்கு வர்ணம் அடிப்பார்கள். குளத்துக்கு வரும் வாய்க்காலையும் குளத்திலிருந்து வெளியேறும் வாய்க்காலையும் அந்த வேலையோடு சேர்த்துக்கொண்டால் செலவு கொஞ்சம்தான் கூடும். பாசனதாரர் சங்கங்கள் இப்போதே, அடுத்த ஜூனுக்குக் காத்திராமல், மனு எழுதி வைப்பது நல்லது. தலைப்பிலிருந்து வயல் வரை எந்தெந்த இடத்தில் அடைப்பு என்று ஒரு கைப்படம் வரைந்து இணைத்தால் மனுவுக்கு மதிப்பு கூடும்.

குடும்பத்தோடு கும்பகோணம் போகிற விவசாயிகள் ஆடி, ஆவணியில் போனால் ஆற்றில் தண்ணீரைப் பார்க்கலாம். காலையில் சுவாமிமலைப் பக்கம் ஒரு கொடிக்காலும் ஒரு வார்ப்புப் பட்டறையும் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் ஊருக்குள் வந்துவிடலாம். கோடையில் போகிறவர்களுக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் நடக்கும். சம்பாவுக்குப் பிறகு பருத்தி போட்டவர்கள் விலை எப்படி நிர்ணயமாகிறது என்பதை நேரில் பார்க்கலாம். அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஆடுதுறை. அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம். 1960-களில் தஞ்சைக் குறுவையை மாற்றிய ஆடுதுறை 27-ம், அதற்குப் பிறகு வந்த 36, 43, 45 ரகங்களும் அங்கே பிறந்தவைதான். விதை நெல் இருப்பு பற்றி முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது. திரும்பும்போது பேருந்து நிலையத்தில் இரண்டு கவுளி கொழுந்து வெற்றிலை வாங்குகிறவர்கள், கடைக்காரர் ஈரச் சணல் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறாரா என்று பார்த்து வாங்க வேண்டும். வீடு போய்ச் சேரும் வரை வாடாது.